மனவாட்டம் குற்றமாகுமோ?

மனிதனுடைய மனம் சரீரத்தைச் சார்ந்து நிற்பது. சரீரம் தேசத்தையும் காலத்தையும் சார்ந்து நிற்பது. இவ்வுண்மை ஆசிரியர்களாகிய நமக்குப் புதிதன்று. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பெரும்பொழுது ஆறென்று மாணாக்கருக்கு ஓதுவிக்கின்றோம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்து, மனவுணர்ச்சியை அவற்றோடு இயைத்துக் கூறும் இலக்கணத்தையும் விளக்குகின்றோம். நூலளவில் இதனை ஒப்புக்கொள்ளும் நாம், நடைமுறையில் ஒருவன் காலபேதத்தால் மனம் வாடி நிற்கக் கண்டால், அவனைச் சோம்பன் என்றும், நெஞ்சுரம் இல்லாதவன் என்றும், பெற்ற நன்மைகளை மறந்தவன் என்றும் இகழ்ந்துவிடுகின்றோம். அங்ஙனம் இகழ்தல் நீதியாமோ? காலத்தின் மாறுதலால் வரும் மனவாட்டம், அதனையுடையான்மேல் ஏற்றத்தக்க குற்றமாமோ? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

இதனை ஆராயத் தூண்டியது எமது பிழை ஒன்றேயாகும். எம்மிடம் கல்வி பயின்ற மாணாக்கர் ஒருவர் கனடா தேசஞ் சென்று ரொறன்ரோ நகரிலே குடியமர்ந்தார். நற்குணமும் ஊக்கமும் உடையவர். ஆண்டுதோறும் சித்திரை முதல் ஆவணி வரை அவரிடமிருந்து கடிதங்கள் ஒழுங்காக வரும். புரட்டாதி கழிந்தவுடன் அவை குறையும். கார்த்திகையில் அறவே நின்றுவிடும். பங்குனியில் மீண்டுந் தொடங்கும். ஒருமுறை ஐப்பசி மாதத்தில் அவர் எழுதிய சிறு கடிதத்தில், எழுந்திருக்க மனமில்லை, எவரோடும் பேச மனமில்லை, எவ்வளவு உறங்கினும் களைப்புத் தீரவில்லை, காரணமும் விளங்கவில்லை எனக் குறித்திருந்தார். யாம் உடனே நீண்டதொரு மறுமொழி எழுதினோம். உண்ண உணவும் உடுக்க உடையும் செய்யத் தொழிலும் உடைய ஒருவருக்கு வாட்டம் ஏது என்றும், இது சோம்பலின் வேடமே என்றும், ஊரிலே இவற்றுளொன்றும் இல்லாதார் எத்துணைப் பேர் என எண்ணிப் பார்க்கவேண்டும் என்றும் இடித்துரைத்தோம். கடமையைச் செய்தோம் என்று மகிழ்ந்தும் இருந்தோம்.

அதன்பின் இரண்டாண்டு அவரிடமிருந்து கடிதமே வரவில்லை. மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஊருக்கு வந்தவர் எம்மைக் காணவந்தார். வழக்கமான சுகவிசாரணைகள் முடிந்தபின், தயங்கித் தயங்கி அவர் கூறியது இது: "ஐயா, தங்கள் கடிதம் வருமுன் எனக்கிருந்த துன்பம் ஒன்று, வந்தபின் இரண்டாயின. அக்காலத்தில் வைத்தியரிடம் போக எண்ணியிருந்தேன். ஆசிரியரே சோம்பல் என்று தீர்ப்புச் சொன்னபின், சோம்பலுக்கு வைத்தியரிடம் போவார் உண்டோ என்று நின்றுவிட்டேன்." அடுத்த மாரியில் அவருடைய மனைவியாரே அவரை வைத்தியரிடம் அழைத்துச் சென்றார் எனவும், அதனால் அவர் தேறினார் எனவும் பின்னர் அறிந்தோம். அவ்வம்மையார் இலராயின் யாதாய் முடிந்திருக்கும் என்பதை எண்ண எம் நெஞ்சு நடுங்குகின்றது. ஆதலின் எம் போன்ற பிழை பிற ஆசிரியரிடத்தும் நிகழாதிருத்தற் பொருட்டு இதனை எழுதுகின்றோம்.

யாம் அங்ஙனம் பிழைத்ததற்கு ஒரு காரணம் அத்தேசத்து வானத்தை அறியாமையாம். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு மழைக்காலம். வறண்டு கிடந்த குளங்கள் நிரம்பும். வயல்கள் பசுமை கொள்ளும். உழவர் மனம் குளிரும். அம்மாதங்களே வடதேசங்களில் மரங்கள் இலையுதிர்த்து நிற்குங் காலமாம். நம்முடைய பெரும்பொழுது ஆறனுள் இலையுதிர்காலம் என ஒன்றின்மையே, அஃது நம் அனுபவத்துக்கு அப்பாற்பட்டது என்பதைக் காட்டும்.

இலை உதிர்தலினும் பெரிய வேறுபாடு ஒளியின் அளவிலே உள்ளது. யாழ்ப்பாணத்திலே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்திற்குச் சற்றே மிகுதியாகும். ரொறன்ரோவில் ஆனி மாதத்துப் பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணித்தியாலம். மார்கழி மாதத்துப் பகல் ஒன்பது மணித்தியாலத்திற்கும் குறைவு. இலண்டனில் நீண்ட பகல் பதினாறரை மணித்தியாலத்திற்கு மேற்படும். குறுகிய பகல் எட்டு மணித்தியாலமும் நிரம்பாது. நோர்வே தேசத்தின் வடபாலுள்ள ட்ரொம்சோ நகரிலோ, நவம்பர் மாத இறுதி தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்தின்மேல் எழுவதேயில்லை. இன்னும் வடக்கே பின்மார்க் பிரதேசத்து மீன்பதனிடுந் தொழிற்சாலைகளில் 1980ஆம் ஆண்டுகள் முதல் நம்மவர் பலர் தொழில் செய்து வாழ்ந்தனர். நம் ஊர் வெயிலிலே பிறந்து வளர்ந்தோர் அவ்விருளிலே வாழப் புகுந்தமை எளிய காரியமன்று.

குறைவின் விரைவும் கவனிக்கற்பாலது. செப்டெம்பர் இறுதியிலே ரொறன்ரோவிற் பகல் நாடோறும் ஏறக்குறைய மூன்று நிமிஷம் குறைந்துகொண்டே வரும். நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னே திருப்புவர். அதன் பயனாக மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். இருளிலே வீட்டை விட்டுப் புறப்பட்டு, நாள் முழுவதும் சுவர்களுக்குள்ளே தொழில் செய்து, இருளிலே வீடு திரும்புவோன் வாரம் ஐந்து நாளும் சூரியனைக் காணாதே கழிக்கவுங் கூடும்.

ஒளி குறைதலால் மனம் வாடுவது எங்ஙனம் எனின், கூறுதும். நமது சரீரத்தினுள்ளே உறக்கம், விழிப்பு, பசி, உடற்சூடு முதலியவற்றை நாளொழுங்கிலே நடத்துவதொரு நாழிகைவட்டில் போன்ற உறுப்பு மூளையின் அடிப்பாகத்திலே உண்டு. அதனைச் சரியான நேரத்தில் நிறுத்துவது கண்வழியே புகும் ஒளி. உருவங் காண்டற்குப் பெரும்பாலும் உதவாது, ஒளியின் மிகுதி குறைவுகளை மூளைக்கு உணர்த்தும் நரம்பணுக்கள் கண்ணின் உட்டிரையிலே உள என்பது 2002ஆம் ஆண்டிலே துலங்கிற்று. இரவிலே சுரக்கும் மெலற்றோனின் என்னும் சுரப்பை மிகுந்த ஒளி அடக்கிவிடும் என்பதை 1980ஆம் ஆண்டிலே அல்பிரட் லூவி என்பாரும் அவரோடு ஆராய்ந்தாரும் மனிதரிடத்தே சோதித்துக் காட்டினர். ஒளி குன்றவே இவ்வொழுங்கு தளரும். தளரவே சிலருடைய மனமும் தளரும்.

1984ஆம் ஆண்டிலே அமெரிக்க தேசத்து மேரிலாந்து மாகாணத்திலுள்ள தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நோர்மன் ரோசென்தால் என்னும் வைத்தியரும் அவர்தங் கூட்டத்தாரும், ஆண்டுதோறும் இலையுதிர்காலத்திலே தோன்றி இளவேனிலிலே நீங்கும் மனச்சோர்வு நோயினை வரையறுத்து அதற்கொரு பெயருமிட்டனர். அவ்வைத்தியர் தென்னாபிரிக்காவிலே பிறந்து வளர்ந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் என்பதும், அங்கே மாரிக்காலத்திலே தமது ஊக்கம் குன்றுதலைத் தாமே உணர்ந்தவர் என்பதும் சிந்திக்கத்தக்கன. வெயில் மிகுந்த தேசத்தினின்றும் சென்றவரே வெயிலின் அருமையை முதலில் அறிந்தார்.

இந்நோயின் குறிகள் இவை: மிகுதியாக உறங்கியும் களைப்புத் தீராமை, மாவுணவிலும் இனிப்பிலும் அடங்காத விருப்பம், உடல் பருத்தல், முன்னர் மகிழ்ந்து செய்தவற்றில் மனஞ் செல்லாமை, சுற்றத்தாரையும் நண்பரையும் விட்டு ஒதுங்குதல், தன்னைத் தானே பயனற்றவன் என்று எண்ணுதல். எம்முடைய பழைய மாணாக்கரின் கடிதத்திலே இக்குறிகளுட் பல இருந்தன. அவற்றை வாசித்தும் யாம் அறிந்திலோம். அறியாமை மாத்திரமாயின் மன்னிக்கப்படலாம். அறியாமலே தீர்ப்பும் கூறினோம்.

இத்தகைய தீர்ப்பு எம்மொருவருடையதன்று. பிற தேசங்களிலும் நெடுங்காலம் வழங்கியதே. நாலாம் நூற்றாண்டிலே எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் தவஞ்செய்த கிறித்தவத் துறவிகளிடையே, உள்ளம் எதனிலும் பற்றாது சோர்ந்து கிடக்கும் ஒரு நிலை காணப்பட்டது. அவருள் ஈவாக்கிரியுஸ் என்பவர் அதனைத் துறவியை அலைக்கும் எட்டுத் தீய எண்ணங்களுள் ஒன்றாக வைத்தார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலே பாப்பரசர் முதலாம் கிரகோரி என்பவர் அவற்றை ஏழாகத் தொகுத்தபொழுது அந்நிலை துக்கத்துள் அடங்கிற்று. பின்னாளிலே அவ்விடத்தில் சோம்பல் என்னும் பெயரே நிலைத்தது. நோயொன்று தீய எண்ணமாகவும், தீய எண்ணம் துக்கமாகவும், துக்கம் சோம்பலாகவும் பெயர் மாறிய வரலாறு இது. ஒரே கடிதத்திலே யாம் செய்ததும் இதுவே.

இதற்கு மறுதலையாக நின்றார் ஒருவரையும் ஈண்டு நினைத்தல் தகும். 1897ஆம் ஆண்டிலே பெல்ஜியத்திலிருந்து தென்துருவத்தை நோக்கிப் புறப்பட்ட பெல்ஜிக்கா என்னுங் கப்பல், 1898ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பனிக்கட்டியிற் சிக்கி ஓராண்டு வரை அசையாது நின்றது. அம்மாரியிலே இரண்டு மாதத்திற்கு மேலாகச் சூரியன் தோன்றவில்லை. கப்பலிலிருந்தோர் ஒருவர் பின் ஒருவராகச் சோர்ந்தனர். சிலர் புத்தி மயங்கினர். அவர்களோடு சென்ற வைத்தியர் பிரெடெரிக் குக் என்பவர் அவர்களைக் கோழைகள் என்று வையவில்லை. ஒளியின்மையே பெருங்காரணம் எனக் கருதி, நாடோறும் அவர்களைக் கொழுந்துவிட்டெரியும் நெருப்பின்முன் அமர்த்தினார், நடக்கச் செய்தார், புத்துணவின்மையால் வந்த வேறொரு நோயும் கலந்திருந்தமையால் அதற்கேற்ற உணவையும் வற்புறுத்தி ஊட்டினார். அவருடைய விளக்கங்கள் எல்லாம் இன்று ஒப்புக்கொள்ளப்படுவன அல்லவெனினும், பழிப்பதை விடுத்துக் காரணத்தைத் தேடினார் என்பதே அவருடைய பெருமையாம்.

இனி, எடுத்துக்கொண்ட வினாவுக்கு விடை காண்பாம். ஒரு செயல் குற்றமாதற்கு இரண்டு வேண்டும்: ஒன்று, அதனைச் செய்வோன் அறிந்திருத்தல், மற்றொன்று, செய்யவும் செய்யாது விடவும் அவனுக்கு வலிமை இருத்தல். மாரிக்காலத்து மனவாட்டத்தை ஒருவன் விரும்பி அழைப்பதில்லை. வராதே என்று கூறித் தடுக்கவும் அவனால் இயலாது. அது சூரியன் தெற்கே செல்லுதலாலும் அவன் சரீரத்தின் இயல்பாலும் வருவது. ஆகவே அஃது வருதல் குற்றமன்று என்பது துணிபு.

ஈண்டு ஓர் ஆசங்கை நிகழும். அவ்வூரிலே வாழ்வோர் அனைவரும் வாடுகின்றாரல்லர். ஒரே வானத்தின்கீழ் ஒருவர் வாடவும் ஒருவர் வாடாதிருக்கவும் காண்கின்றோம். ஆதலின் வாடுவோனிடத்தே ஏதோ குறையுண்டு போலும் எனின், அற்றன்று. ஒரே மழையில் நனைந்த பத்துப்பேரில் இருவருக்கே காய்ச்சல் வருகின்றது. அவ்விருவரையும் ஒழுக்கக் குறைவுடையார் என்பார் யாவர்? 1993ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள், ஐஸ்லாந்து தேசத்து மக்களிடத்தும், அவர் வழித்தோன்றல்களாகக் கனடாவிலே வாழ்வோரிடத்தும் இந்நோய் குறைவாகவே காணப்படுகின்றது என்று கூறின. தலைமுறை தலைமுறையாக இருளில் வாழ்ந்தாருடைய சரீரம் அதற்குப் பழகியிருக்கலாம். நம்மவருடைய சரீரம் அத்தகையதன்று. சரீரபேதத்தை ஒழுக்கபேதமாகக் கொள்ளுதல் மயக்கவுணர்வாம்.

மற்றும் ஓர் ஆசங்கை: குற்றமன்று என்று கூறிவிட்டால், கடமையும் இல்லை என்றாகாதோ? வாட்டம் வந்தது, யான் என் செய்வேன் என்று படுத்திருத்தற்கு இஃது இடமளிக்குமன்றோ எனின், அளியாது. மழை பெய்தல் உழவனுடைய குற்றமன்று. மழைக்குமுன் வரம்பு கட்டாமை அவனுடைய குற்றமாம். மாரி வருமென்பதை ஒருமுறை அனுபவித்தறிந்தவன் அடுத்த மாரிக்குமுன் ஆயத்தஞ் செய்தல் கடமை. குற்றமின்மையும் கடமையுண்மையும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. பழியை நீக்கினால் கடமையைச் செய்தற்கு வலிமை பிறக்கும். பழியைச் சுமத்தினால் உள்ள வலிமையும் அதனைச் சுமத்தற்கே செலவாகும்.

மனமுயற்சிக்கு இதனிலே இடமுண்டு என்பதை ஆராய்ச்சியும் காட்டுகின்றது. அமெரிக்காவிலே வெர்மொன்ற் பல்கலைக்கழகத்திலே கெல்லி றோகன் என்னும் அம்மையார் இந்நோயுற்ற 177 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறாருக்கு ஒளிச்சிகிச்சையும், மற்றொரு கூறாருக்கு எண்ணத்தையும் செயலையும் திருத்தும் பயிற்சியும் அளித்தார். அம்மாரியிலே இரண்டும் ஒத்த பயனைத் தந்தன. இரண்டு மாரிக்குப் பின்னர் நோக்கியபோது, ஒளிச்சிகிச்சை பெற்றாரில் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பேருக்கும், பயிற்சி பெற்றாரில் நூற்றுக்கு 27 பேருக்குமே நோய் மீண்டும் வந்திருந்தது. ட்ரொம்சோ முதலிய இடங்களில் ஆராய்ந்த காரி லைபோவிற்ஸ் என்னும் அம்மையாரும் யோவார் விற்றர்சோ என்பாரும், மாரியை வெறும் துன்பமாகக் கருதாது அதற்குரிய இன்பங்களையும் கண்டு எதிர்கொள்ளும் மனப்பான்மை வடக்கே செல்லச் செல்ல மிகுதியாக உள்ளது என்று 2020ஆம் ஆண்டிலே எழுதினர். ஆயினும் அம்மனப்பான்மை ஏச்சினால் வருவதன்று. பழக்கத்தாலும் துணையாலும் வருவது.

இனிச் சிலர், இஃது அவரவர் வினைப்பயன், அனுபவித்தே தீரவேண்டும், இடையிலே நாம் செய்யத்தக்கது யாது என்பர். இங்ஙனம் கூறுவோர் தமக்குச் சுரம் வந்தபொழுது வினைப்பயன் என்று வாளா கிடக்கின்றாரல்லர், வைத்தியரை நாடுகின்றனர். தமக்கொரு நீதியும் பிறர்க்கொரு நீதியும் கூறுதல் தகாது. நோய் வினையால் வந்ததாயின், மருந்தும் துணையும் அவ்வாறே வந்தன எனக் கொள்ளலாகாதோ? அன்றியும், வாடி நிற்பவன் நம்மை நோக்கிக் கைநீட்டியபொழுது நாம் செய்வதும் செய்யாது விடுவதும் நம்முடைய வினைகளேயன்றோ? அவனுடைய கணக்கை ஆராய்தலை விடுத்து நம்முடைய கணக்கைப் பார்த்துக்கொள்ளல் நன்று.

இனி, ஆயத்தமாவது யாதெனச் சுருங்கக் கூறுதும். வடதேசங்களில் வாழ்வோர் ஆவணி, புரட்டாதி மாதங்களிலேயே இதனைத் தொடங்கல்வேண்டும். முதலாவது, காலையொளி. வீட்டினுள் எரியும் விளக்குகளின் ஒளி சில நூறு லக்ஸ் அளவினது. முகில் மூடிய நாளிலும் வெளியிலே உள்ள பகலொளி ஆயிரத்துக்கு மேற்படும். தெளிந்த நண்பகலிலே இலட்சத்தை எட்டும். ஆகவே குளிருக்கேற்ற உடை தரித்துக் காலையிலோ நண்பகலிலோ அரைமணி நேரம் வெளியிலே நடத்தல் பெரும்பயன் தரும். அதற்கு இயலாதோர் பதினாயிரம் லக்ஸ் ஒளிதரும் விளக்குப்பெட்டியின்முன், விழித்தெழுந்த சிறிது நேரத்துள், அரைமணி நேரம் அமர்ந்திருப்பர்; விளக்கை நேரே உற்றுநோக்கல் வேண்டா. கண்ணோயுடையாரும், உள்ளக் களிப்பும் சோர்வும் மாறிமாறி வரும் நோயுடையாரும் வைத்தியரைக் கேளாது இதனைச் செய்தலாகாது.

இரண்டாவது, விழித்தெழும் நேரத்தை விடுமுறை நாளிலும் மாற்றாமை. மூன்றாவது, கூட்டுறவு. வாடிய மனம் தனிமையை நாடும். தனிமை அதனை இன்னும் வாட்டும். ஆதலின் வாட்டம் வருமுன்னரே, வாரந்தோறும் செல்லவேண்டியதோர் இடத்தையும் செய்யவேண்டியதொரு பணியையும் ஏற்றுக்கொள்ளுதல் நன்று. பிள்ளைகளுக்கு வாரவிறுதியிலே தமிழ் கற்பித்தலும், இசை பயிலுதலும் அத்தகைய பணிகளாம். மனமிருந்தாற் செல்வேன் என்னாது, சென்றால் மனம் வரும் எனக் கொள்ளல் வேண்டும். நான்காவது, இரண்டு வாரத்திற்கு மேலாக வாட்டம் நீங்காது தொழிலையும் குடும்பத்தையும் பாதிக்குமாயின் வைத்தியரை நாடல். அதற்கு நாணுதல் வேண்டா. உயிர்வாழ்தலே வேண்டாம் என்னும் எண்ணம் எழுமாயின் ஒருகணமுந் தாமதித்தலாகாது. கனடாவிலே 2023ஆம் ஆண்டு முதல் 988 என்னும் தொலைபேசி இலக்கத்தில் இரவும் பகலும் உதவி கிடைக்கின்றது. இலங்கையிலே 1926 என்னும் இலக்கம் தேசிய மனநல உதவிக்குரியது.

இவையெல்லாம் வாடுவோன் செய்யத்தக்கன. அயலார் செய்யத்தக்கதும் உண்டு. அதற்கு ஒரு சான்று கூறுதும். நோர்வே தேசத்திலே ரியூக்கான் என்பது இரு மலைகளுக்கிடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர். செப்டெம்பர் முதல் மார்ச் வரை அவ்வூரின்மேல் நேர்வெயில் விழுவதில்லை, மலை மறைத்துவிடும். தொழிற்சாலை அமைத்து அவ்வூரை உண்டாக்கியோர், வெயிலில்லை என்று வருந்துவோரை நோக்கி மனத்தைத் திடப்படுத்துங்கள் என்று கூறி விட்டாரல்லர். 1928ஆம் ஆண்டிலே ஊர்மக்கள் மலைமேற் சென்று வெயில் காய்தற்பொருட்டுக் கம்பிவழியிலே ஓடும் தொட்டி வண்டியொன்றை அமைத்தனர். 2013ஆம் ஆண்டிலே மலைச்சரிவின்மேல் மூன்று பெருங்கண்ணாடிகளை நிறுத்தி, சூரியன் செல்லும் வழியே அவை திரும்பும்படி செய்து, ஊர்நடுவிலுள்ள சதுக்கத்திலே வெயில் விழச் செய்தனர். வெயில் விழும் இடம் சிறிதே. ஆயினும் முதியோரும் பிள்ளைகளும் அங்கே வந்து கூடி நிற்பர். சூரியனை அழைத்துவர எவராலும் இயலாது. அதன் ஒளியைத் திருப்பிவிட அயலாரால் இயலும். இதுவே இவ்விடயத்தில் நாம் அறியவேண்டிய நீதியாம்.

ஆசிரியர்களே, நம்மிடம் பயின்றோர் பலர் இன்று வடதேசங்களிலே வாழ்கின்றனர். அவர்களுக்கு விளக்குப்பெட்டி அனுப்ப நம்மால் இயலாது. ஒரு கடிதம் அனுப்பவும், தொலைபேசியிலே சில வார்த்தை பேசவும் இயலும். அவ்வார்த்தை எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்பதிலே நமது கடமை அடங்கியுள்ளது. "உனக்கு என்ன குறை?" என்று வினவுதல் வினாப்போலத் தோன்றினும் வினாவன்று, தீர்ப்பு. "எப்பொழுது தொடங்கியது? சென்ற ஆண்டும் இக்காலத்தில் வந்ததா? வைத்தியரிடம் சென்றீரா? உடன்வர யாரேனும் உளரா?" என்பனவே வினாக்கள். முன்னது வாயை மூடும். பின்னவை வாயைத் திறக்கும்.

நம் வகுப்பறைகளிலும் இவ்வுண்மை பயன்படுவதே. இங்கே இருள்மாரி இல்லை. ஆயினும் வாடியிருக்கும் பிள்ளைகள் உளர். பின்வாங்கில் அமர்ந்து, பாடத்தைக் கேளாது, மேசைமேல் தலைசாய்த்திருக்கும் ஒரு பிள்ளையைக் கண்டவுடன் சோம்பேறி என்னுஞ் சொல் நம் நாவிலே வருகின்றது. அச்சொல் எளிது, அதனால் பிள்ளைக்கும் நமக்கும் ஆராயவேண்டிய வேலை முடிந்துவிடுகின்றது. அப்பிள்ளை இரவு உறங்கியதோ, காலையிலே உண்டதோ, வீட்டிலே துக்கமுண்டோ, உடம்பிலே நோயுண்டோ என்று வினவுதல் கடினம். கடினமான அதுவே ஆசிரியத் தொழில். பிள்ளை உண்மையிலே சோம்பலுடையதாயின் அதனைப் பின்னர்த் திருத்தலாம். சோம்பலல்லாததைச் சோம்பல் என்று கூறிவிட்டால், அச்சொல்லைத் திரும்பப் பெறுதல் அரிது. அதற்கு இரண்டாண்டு சென்றதை யாம் மேலே கூறினோம்.

அம்மாணாக்கரிடத்தே யாம் மன்னிப்புக் கேட்டோம். ஆசிரியர் மாணாக்கரிடம் மன்னிப்புக் கேட்பதா என அவர் பதறினார். பிழை செய்தார் எவராயினும் கேட்டலே முறையென்று கூறினோம். அதன்பின் ஆண்டுதோறும் ஆவணி மாதம் பிறந்தவுடன், அவருடைய கடிதத்தை எதிர்பாராது, யாமே முதலில் எழுதுகின்றோம். அறிவுரை ஒன்றும் எழுதுவதில்லை. இங்கே விதைப்புத் தொடங்கிற்று என்றும், குளத்திலே நீர் இவ்வளவு என்றும் எழுதி, அங்கே நடக்கத் தொடங்கினீரா என்று ஒரு வினாவோடு முடிக்கின்றோம். சென்ற கார்த்திகையிலே அவரிடமிருந்து கடிதம் ஒன்று வந்தது. நாலு வரிதான், கையெழுத்தும் சற்றே தளர்ந்திருந்தது. வாட்டம் உண்டு, ஆயினும் நடக்கின்றேன் என்று எழுதியிருந்தார். கார்த்திகை மாதத்திலே அவர் எழுதிய முதற்கடிதம் அதுவே.